கறுப்பு சைக்கிளா, தடி டயர் எம்டிபியா?

கம்மி பட்ஜெட்ல கியர் இல்லாத சைக்கிள்னு கடைக்கு போனா கடைசில ரெண்டுதான் நிக்கும், ஒண்ணு பழைய மாடல் கறுப்பு சைக்கிள், அதாவது ரோட்ஸ்டர், இன்னொண்ணு தடி டயரு, சஸ்பென்ஷன் (குலுக்கல வாங்கிக்கற ஸ்பிரிங்), டிஸ்க் பிரேக்னு ஸ்டிக்கரா ஒட்டி வெச்சிருக்கற எம்டிபி, அதாவது மவுன்டன் பைக். பசங்க எத கேப்பாங்கன்னு சொல்லவே வேணாம்.

ஆனா வட சென்னைல தண்டையார்பேட்டை, ராயபுரம்னு தினமும் ஓட்ட நான் கறுப்பு சைக்கிள் கட்சி. ரெண்டுலயும் செயின் ஓடற பல்சக்கரம் முன்னாடி 44 பல்லு பின்னாடி 18 பல்லுன்னு வெச்சுக்கோங்க, ரோட்ஸ்டரோட 28 இன்ச் சக்கரம் பெடல் ஒரு சுத்துக்கு 5.5 மீட்டர் கிட்ட போவும், எம்டிபியோட 26 இன்ச் 5 மீட்டர் கிட்டதான், அதுலயும் அந்த விலைல வர்ற சஸ்பென்ஷன் எழுந்து நின்னு மிதிச்சா நம்ம பலத்த கொஞ்சம் அதுவே முழுங்கிடும். வெயிட்டு? ரெண்டும் இரும்புதான், பாலம் ஏறும்போது ரெண்டுமே மூச்சு வாங்க வைக்கும்.

காசிமேடு உப்புக்காத்துல எந்த செயினும் துரு புடிக்கும், ரோட்ஸ்டருக்கு ஃபுல் செயின் கவர் இருக்கறதால கொஞ்சம் தாங்கும். கேரியரும் கூடவே வரும், மீன் கூடை கட்டிக்கலாம்.

ரோட்ஸ்டருக்கு மைனஸ் ராட் பிரேக்குதான், அதாவது கேபிளுக்கு பதிலா இரும்பு கம்பி இழுக்கற பிரேக். மழைல ரிம்மு நனைஞ்சா பிரேக் கட்டை வழுக்கும், எண்ணூர் ஹைரோட்ல கன்டெய்னர் லாரி ஒரசிட்டு போறப்ப இது விளையாட்டில்ல, அங்க டிஸ்க்குதான் கெலிக்கும். ஆனா டிஸ்க்குல ஏதாச்சும்னா தெருமுனை பஞ்சர் கடைல எல்லாரும் கை வைக்க மாட்டாங்க, ராட் பிரேக்னா ஒரு ஸ்பேனர் போதும்.

ரொம்ப குள்ளமா இருக்கறவங்களுக்கு ரோட்ஸ்டர்ல கால் எட்டாது, அவங்க யோசிக்காம 26 இன்ச்சே எடுத்துக்கலாம்.