குறள் வெண்பாவா, புதுக்கவிதையா?

1942-இல் பர்மாவிலிருந்து காடுமலை தாண்டி இந்தியாவுக்கு நடந்தவர்களைப் பற்றி யாங்கூன் தமிழர் ஒருவர் எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த வடிவத்தில் எழுதினால் கவிதை நன்றாகச் சுருங்கும்?

குறள் வெண்பாவில் மொத்தமே 7 சீர் (சீர் என்பது அசைகள் சேர்ந்த, ஏறக்குறைய ஒரு சொல் அளவு).

நடந்தே கடந்தார் நதிகளும் காடும்
கிடந்தது பூட்டாக் கடை

இதில் முதலில் ‘பெரிய கடை’ என்றுதான் எழுதினேன். தளை தட்டியது, அதாவது சீரோடு சீர் சேரும் விதி உடைந்தது: ‘கிடந்தது’ போன்ற விளச்சீருக்குப் பின் வரும் சீர் ‘பூட்’ போல நேரசையில் தொடங்க வேண்டும், ‘பெரி’ அப்படி இல்லை. தேடியதில் ‘பூட்டா’ கிடைத்தது. எவ்வளவு அவசரமாகக் கிளம்பினார்கள் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. இலக்கணம் இப்படிக் கைகொடுக்கும். ஆனால் சீரை நிரப்ப ‘அன்றோ’, ‘தானே’ என்று ஒட்டுப்போடும் ஆசையும் அதிலேதான் வரும்.

புதுக்கவிதையில் தடுக்க ஆளில்லை. ‘கண்ணீரோடு, கனத்த நெஞ்சோடு நடந்தார் தாத்தா’ என்று எழுதினாலும் வரி நிற்கும். அந்த மிகைச் சொற்களை அடித்துவிட்டுப் பாருங்கள்:

நடந்தார் தாத்தா.
தராசில்
பாதி நிறுத்த அரிசி.

இந்த அரிசிக்கு என் குறளில் இடமே கிடைக்கவில்லை. அதனால் என் ஓட்டு புதுக்கவிதைக்குத்தான். பள்ளியில் பர்மிய மொழியும் வீட்டில் தமிழுமாக வளர்ந்தவருக்கு யாப்புக்கேற்ற பழஞ்சொற்களைத் தேடி அலையும் பாடும் இல்லை. சரி, வெண்பாவை விட்டுவிடலாமா? வேண்டாம். அடைமொழியை வெட்டக் கை கூசுகிறவர் சில குறள்களாவது எழுதிப் பழகிவிட்டு, அப்புறம் புதுக்கவிதைக்கு வரட்டும்.