வார மாத்திரையா, ஊசியா, தினசரி மாத்திரையா? முடக்குவாதத்தோடு பதினோரு வருடம்

மருத்துவமனையில் இரத்தம் கொடுக்க எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். அவருக்கும் முடக்குவாதம்தான். மூன்று வாரத்துக்கு முன்பு மெதோட்ரெக்சேட் கொடுத்திருக்கிறார்கள். "இன்னும் உறையப் பிரிக்கல தங்கச்சி. புற்றுநோய்க்குக் கொடுக்குற மாத்திரையாமே? நீ ஊசிக்கு மாறிட்டேன்னு சொன்னியே, அப்ப இத விட்டாச்சா?"

இல்லை அக்கா, இரண்டும்தான் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் என் எண் திரையில் வந்துவிட்டது. அன்று அவரிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முடக்குவாதம் தேய்மானம் அல்ல. கிருமியை விரட்ட வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது. எனக்கு 41 வயதில் வந்தது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது, தோசைக் கரண்டியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். இங்கே நான் ஒப்பிடும் மருந்துகள் எல்லாமே அந்த எதிர்ப்புச் சக்தியை ஏதோ ஒரு விதத்தில் அடக்குகின்றன. அதனால் எது பலமானது என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த மருந்து நம் வீட்டோடும் வயதோடும் பயணத்தோடும் ஒத்துப்போகும், கிருமி வந்தால் எது என்ன செய்யும் என்றும் பார்க்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு வார மாத்திரையான மெதோட்ரெக்சேட்டுக்குத்தான் முதலிடம். அது போதவில்லை என்றால் அதோடு ஊசியைச் சேர்ப்பது அடுத்தது. தினசரி மாத்திரையான ஜாக் தடுப்பான் (அணுக்களுக்குள் அழற்சிச் செய்தியைக் கடத்தும் ஜாக் என்ற நொதியைத் தடுப்பது), சிலருக்கு மட்டும் முதல் இரண்டையும்விட நன்றாகப் பொருந்தும்.

மெதோட்ரெக்சேட்: பெயர்தான் பயமுறுத்துகிறது

புற்றுநோய்க்குக் கொடுப்பது என்பது உண்மைதான். ஆனால் அங்கே கொடுக்கும் அளவு வேறு, நமக்குக் கொடுப்பது வேறு. முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். அமெரிக்காவில் இந்த நோய்க்கு இதை அதிகாரபூர்வமாக ஏற்றது 1988இல். இத்தனை வருடப் பழக்கம் உள்ள மருந்து என்பதே எனக்குப் பெரிய தைரியம். அதன் குணமும் குறையும் மருத்துவர்களுக்கு அத்துப்படி.

குறைகள் உண்டு. சாப்பிட்ட மறுநாள் குமட்டல், வாய்ப்புண், சிலருக்கு முடி கொட்டுவது. ஈரலையும் எலும்பு மஜ்ஜையையும் கண்காணிக்க அடிக்கடி இரத்தம் கொடுக்க வேண்டும். மதுவைக் கிட்டத்தட்ட மறந்துவிட வேண்டும். ஃபோலிக் அமிலம் சேர்த்துக் கொடுப்பது இந்தத் தொல்லைகளைக் குறைக்கத்தான். எல்லாவற்றையும்விடப் பொறுமையைச் சோதிப்பது அதன் மந்தம். வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் பயப்படுவது இன்னொன்றுக்கு. எங்கள் வீட்டில் மெதோட்ரெக்சேட்டுக்குத் திங்கட்கிழமை, ஃபோலிக் அமிலத்துக்கு வெள்ளிக்கிழமை. எனக்குக் கிடைத்த இரண்டுமே மஞ்சள் நிறம், இரண்டுமே சிறிசு. ஒருமுறை நான் முதுகு வலியில் படுத்திருந்தபோது என் அத்தை எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று இங்கே சிங்கப்பூரில் தேக்காக் கடைத்தெருவில் வாங்கிய ஏழு அறைப் பெட்டியில் மாத்திரைகளை நிரப்பி வைத்தார். செவ்வாய்க்கிழமை காலை மூடியைத் திறந்தால் அந்த அறையில் ஐந்து மஞ்சள் மாத்திரை. புதனைத் திறந்தேன், ஐந்து. வியாழன், ஐந்து. முதல் நாள்தான் என் வாரத்துக்கான ஐந்தையும் விழுங்கியிருந்தேன். "லேபிள்ல அஞ்சுன்னுதானேம்மா போட்டிருக்கு?" என்றார். ஆங்கில லேபிளில் அவரால் வாசிக்க முடிந்தது அந்த ஓர் எண் மட்டும்தான்.

வார மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உருவாக்குவதையே நிறுத்திவிடும். உலகம் முழுக்க இந்த ஒரு தவற்றால் உயிர்கள் போயிருக்கின்றன. அன்று முதல் மெதோட்ரெக்சேட் எந்தப் பெட்டிக்கும் போவதில்லை. கொடுத்த உறையிலேயே, மேலே சிவப்பு மையில் "திங்கள் மட்டும்" என்று தமிழில் எழுதி, என் துணி அலமாரியில் இருக்கிறது. வீட்டில் பெரியவர்களோ பணிப்பெண்ணோ மருந்து எடுத்துக் கொடுக்கும் குடும்பங்கள் இதை இன்றே செய்துவிடுங்கள்.

ஊசி: குளிர்சாதனப் பெட்டியும் காசநோயும்

இரண்டு வருட மெதோட்ரெக்சேட்டுக்குப் பிறகும் என் வலது மணிக்கட்டு வீங்கியே இருந்தது. அப்போதுதான் அடாலிமுமாப் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம், பேனா வடிவ ஊசி, நானே தொடையில் போட்டுக்கொள்வது. மூட்டில் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற ஒரு புரதத்தை மட்டும் குறிபார்த்துப் பிடிக்கும் மருந்து. எனக்கு நாலாவது வாரமே வித்தியாசம் தெரிந்தது.

அப்படியானால் மாத்திரையை ஏன் விடவில்லை? அந்த அக்காவின் கேள்வி இதுதான். ஊசி மருந்து ஒரு புரதம் என்பதால், உடம்பு அதையே வேற்றாள் என்று எண்ணி அதற்கு எதிராக எதிர்ப்பான்களை உருவாக்கலாம். அப்படி நடந்தால் நாளாக நாளாக ஊசி பலிக்காமல் போகலாம். மெதோட்ரெக்சேட் கூடவே இருந்தால் அது குறையும். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாகக் கேட்கிறது என்பதும் நிலைநாட்டப்பட்ட விஷயம். ஆக, இவை இரண்டும் போட்டியாளர்கள் என்பதைவிடக் கூட்டாளிகள்.

ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் நடுத்தட்டு அதற்கு. கதவுப் பக்கம் வைத்தால் திறந்து மூடும்போது சூடேறும், பின்சுவரை ஒட்டினால் உறைந்துபோகும். போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு எடுத்து மேசைமேல் வைத்துவிட்டால் எரிச்சல் குறைவு. வெளியே வைத்தால் 25 டிகிரிக்குக் கீழே 14 நாள்வரை தாங்கும் என்கிறது நான் பயன்படுத்தும் மருந்தின் குறிப்பு. சிங்கப்பூரில் 25 டிகிரி என்றால் நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில்தான்.

தஞ்சாவூர்ப் பக்கம் போகும்போது மின்வெட்டு வேறு. அதனால் நான் கண்டுகொண்ட வழி, கிளம்பும் நாள் காலையில் ஊசி போட்டுக்கொண்டு பன்னிரண்டாம் நாள் திரும்பிவிடுவது. கையில் எதையும் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. நீண்ட பயணம் என்றால் மருத்துவர் கடிதத்தோடு கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது.

ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை கட்டாயம். நுரையீரலில் பல வருடமாகத் தூங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி உடம்பு கட்டி வைத்திருக்கும் வேலியைத் தாங்கி நிற்பதே டி.என்.எஃப்.தான். அதை அடக்கினால் வேலி சரியும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசி தோல் சோதனையைக் குழப்பும், இரத்தச் சோதனையைக் குழப்பாது. என் அப்பாவுக்கு இள வயதில் காசநோய் இருந்தது. எனக்குள்ளும் அந்தக் கிருமி தூங்கிக் கிடப்பது இரத்தச் சோதனையில் தெரிந்துவிட்டது. அதற்கு ரிஃபாம்பிசின் என்ற மருந்து நாலு மாதம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். அப்புறம் ஹெபடைடிஸ் பி சோதனையும் உண்டு, அதுவும் விழித்துக்கொள்ளும் கிருமிதான். எனக்கு இல்லை.

தினசரி மாத்திரை

ஜாக் தடுப்பான்களில் டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப், உபாடாசிட்டினிப் என்று வரிசையாக வந்திருக்கின்றன. ஊசி இல்லை, குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், சில வாரத்திலேயே பலன். கப்பல் துறையில் வேலை பார்க்கும் என் தோழிக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர். அவளுக்கு இதுதான் வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தது.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. டோஃபாசிட்டினிப் இரத்தத்தில் பாதியாகக் குறைய மூன்று மணி நேரம்தான். அடாலிமுமாப்புக்கு இரண்டு வாரம். கடுமையான தொற்று வந்தால் மாத்திரையை நிறுத்திய இரண்டொரு நாளில் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும், ஊசி வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும். அறுவைச் சிகிச்சைக்கும் இதே கணக்கு. மாத்திரைக்கு மூன்று நாள் இடைவெளி போதும், ஊசிக்காரர்கள் அடுத்த ஊசி போட வேண்டிய வாரத்தைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும்.

இருந்தும் மருத்துவர் கேட்டபோது நான் வேண்டாம் என்றேன். ஐம்பது வயதைத் தாண்டி, இதய நோய்க்கான ஆபத்துக் காரணி ஒன்றாவது இருந்தவர்களிடம் டோஃபாசிட்டினிப்பையும் டி.என்.எஃப். ஊசியையும் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வில், மாத்திரைப் பக்கம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் கூடுதலாகத் தெரிந்தன. அதை ஒட்டி 2021இல் அமெரிக்க மருந்து ஆணையம் கடும் எச்சரிக்கை சேர்த்தது. எனக்கு வயது 52, இரத்த அழுத்தமும் உண்டு. தோழிக்கு 36, புகைப்பதில்லை. ஒரே மருந்து, இரண்டு வேறு பதில்கள். அக்கி வருவதும் இந்த மாத்திரையில் அதிகம், அதுவும் ஆசியர்களுக்கு. அவள் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தாள். அது உயிருள்ள கிருமி இல்லாத தடுப்பூசி, நாம் போடலாம். உயிருள்ள கிருமி உள்ளவை நமக்கு ஆகாது.

பிள்ளை பெற நினைக்கும் பெண்களுக்கு மேலே சொன்ன வரிசையே மாறிவிடும். மெதோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும், தினசரி மாத்திரையும் கூடாது. ஊசிகளில் சில பரவாயில்லை. திட்டமிடும்போதே, மாதங்களுக்கு முன்பே, மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நாலாவது போட்டியாளர்

ஒப்பீட்டில் யாரும் சேர்க்காத ஒன்று, ஆனால் நம் வீடுகளில் ஜெயிப்பது: பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. 1948இல் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் கொடுத்தபோது படுக்கையில் கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். அந்தக் கண்டுபிடிப்புக்கு 1950இல் நோபெல் பரிசு. அந்த அற்புதம் இன்றும் நடக்கும், அதுதான் ஆபத்து. வார மாத்திரை பலிக்கும்வரை தாண்டிப் போக ஒரு பாலமாகக் கொஞ்ச நாள் சாப்பிடலாம். வருடக்கணக்கில் போனால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கண்புரை வரும், காய்ச்சலைக்கூட மறைத்துவிடும். திடீரென்று நிறுத்தவும் முடியாது, உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும்.

அண்டை நாட்டிலிருந்து யாரோ வாங்கி வந்த "மூலிகை" மூட்டு வலி மாத்திரை இரண்டே நாளில் கேட்டால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொருள்களில் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது.

காசு, காய்ச்சல், பூந்தொட்டி

செலவில் போட்டியே இல்லை. மெதோட்ரெக்சேட் மிக மலிவு. ஊசியின் அசல் தயாரிப்பு ஒரு காலத்தில் மாதம் ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. அதை மிக நெருக்கமாக ஒத்த மருந்தாக மற்ற நிறுவனங்கள் தயாரிக்கும் பயோசிமிலர்கள் வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டியது. முடக்குவாதம் 2015 முதல் அரசாங்கத்தின் நாட்பட்ட நோய்த் திட்டத்தில் இருக்கிறது, மெடிசேவ் என்ற நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஒரு வரம்புவரை எடுக்கலாம். ஊசி எழுதிக் கொடுத்த அன்றே மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கக் கேளுங்கள். மருந்து உதவி நிதிக்கு வருமானத்தைப் பார்ப்பார்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு ஐந்து மாதம் முழு விலை கொடுத்தேன்.

எந்த மருந்தானாலும் 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் அடுத்த வேளையை நிறுத்தி வைத்துவிட்டு மருத்துவமனையை அழைப்பது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துக் கிளினிக்குக்குப் போனால் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒருமுறை "மூட்டு வலி மாத்திரை சாப்பிடுறேன்" என்று மட்டும் சொன்னேன், அவர்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. சிறுநீர்த் தொற்றுக்குக் கோ-ட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். மெதோட்ரெக்சேட்டோடு அது சேர்ந்தால் மஜ்ஜையை முடக்கிவிடும். மருத்துவமனை மருந்தாளரை அழைத்துக் கேட்டதால் தப்பினேன். இப்போது கைப்பேசி உறைக்குள் மருந்துப் பெயர், அளவு, கடைசி ஊசித் தேதி எழுதிய அட்டை இருக்கிறது.

தாழ்வாரத்தில் கறிவேப்பிலை, மல்லிகைத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். இந்த ஊர் மண்ணில் மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான தொற்றைத் தரும் கிருமி உண்டு, மழைக்குப் பின் இன்னும் அதிகம். கையுறை இல்லாமல் மண்ணைக் கிளறுவதில்லை. சமைக்காத மீன் சாப்பிடுவதும் கிடையாது.

அக்கா, உங்களுக்குச் சர்க்கரையும் இருப்பதாகச் சொன்னீர்கள். அதனால் ஸ்டீராய்டை நம்பி இருக்க முடியாது. ஊசிக்கும் தினசரி மாத்திரைக்கும் இன்னும் நேரம் வரவில்லை. மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை என்பதை மறைக்காமல் மருத்துவரிடமோ தாதியிடமோ சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். அப்புறம் ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள். பேரப்பிள்ளைகள் வரும் ஞாயிறு வேண்டாம், மறுநாள் குமட்டினாலும் படுத்திருக்க முடிகிற நாளாகப் பாருங்கள். அந்தக் கிழமையின் பெயரை உறைமேல் பெரிசாகத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். சிவப்புப் பேனா என்னிடம் இருக்கிறது, அடுத்த முறை கொண்டு வருகிறேன்.