முகாம் சமையலுக்கு ஆன்லைனில் கேஸ் அடுப்பு வாங்கப் போகிறீர்களா? 14,500 ரூபாய் இழந்தவன் சொல்கிறேன், கொஞ்சம் நில்லுங்கள்

தைப்பூசம் நெருங்குகிறது. பழனிக்குப் போகும் நடைக்குழுக்களில் சமையல் பொறுப்பு பார்க்கிறவர்கள் எல்லோரும் இப்போது அடுப்பு, அண்டா, சிலிண்டர் என்று அலைந்துகொண்டிருப்பீர்கள். முகாம் சமையலுக்கு வேகமான கேஸ் அடுப்பு எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம். அதையும் எழுதுகிறேன். ஆனால் உட்கார்ந்ததும் வயிற்றெரிச்சல்தான் முதலில் வருகிறது. 14,500 ரூபாய். என் சொந்தப் பணம்கூட இல்லை, குழுப் பணம். முந்தாநாள் வரை "பாக்குறேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்த நம்பர் இன்று காலை என்னை பிளாக் செய்துவிட்டது.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கும்போது பெயரைப் போட்டு எழுதாதே என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார். வகையை மட்டும் சொல்கிறேன், பார்த்தவுடன் புரிந்துகொள்வீர்கள்: ரீல்ஸில் விளம்பரம், வாட்ஸ்அப்பில் ஆர்டர், ஜிபேயில் முழுப் பணம், கொரியரில் சரக்கு. கேம்பிங் சாமான், கேட்டரிங் சாமான் எல்லாம் ஒரே இடத்தில் என்று போட்டிருப்பார்கள்.

எங்கள் குழு குன்றக்குடியில் புறப்பட்டு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் போகும். நாற்பது பேருக்குக் குறையாமல் சாப்பாடு. சாமான்கள் குட்டியானையில் முன்னால் போய்விடும். நடக்கிறவர்கள் வந்து சேர்வதற்குள் சோறு இறங்கியிருக்க வேண்டும். முன்பெல்லாம் தோப்பில் கோட்டை அடுப்பு வெட்டி விறகில்தான் சமைப்போம். இப்போது தோப்புக்காரர்கள் குழி வெட்ட விடுவதில்லை, மண்டபங்களில் புகை ஆகாது என்கிறார்கள். வீட்டு அடுப்பில் நாற்பது பேருக்கு உலை வைப்பது நடக்கிற காரியமா? வீட்டு ரெகுலேட்டர் கேஸை ரொம்பக் குறைந்த அழுத்தத்தில், சுமார் 30 மில்லிபாரில்தான் விடும். ஓட்டல் பட்டி அடுப்பில் ஹை பிரஷர் அடாப்டர் போட்டு அதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் எரிப்பார்கள். ரோட்டோரக் காற்றில் அண்டாவுக்குச் சூடு ஏற வேண்டுமானால் அந்த வேகம் வேண்டும். அதற்காகத்தான் தேடினேன்.

விளம்பரத்தில் இருந்தது மூன்று வளைய வார்ப்பிரும்பு பர்னர், மடக்கும் கால், ஹை பிரஷர் ரெகுலேட்டர், ஹோஸ் எல்லாம் சேர்ந்த செட். "1,00,000 பி.டி.யு. பவர்" என்று நெருப்புப் படம் போட்ட எழுத்து (பி.டி.யு. என்பது சூட்டை அளக்கும் அலகு). இரண்டு செட் விலை 16,000.

நான் உடனே பணம் போடவில்லை. அடுப்பு எரிவதைக் காட்டச் சொன்னேன். விற்கிறவன் வீடியோ காலில் வந்தான். பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய குடோன். அடுப்பைத் தரையில் வைத்து, மேலே ஒரு பெரிய அலுமினிய அண்டாவை ஏற்றிப் பற்றவைத்தான். ஜிவ்வென்ற சத்தத்தோடு மூன்று வளையமும் நீலமாக எரிந்தது. எதற்கு அடுப்பு என்று கேட்டான். பழனி நடைக்கு என்றேன். அவ்வளவுதான், பேச்சே மாறிவிட்டது.

"அண்ணா, நானும் மாலை போட்டு நடந்தவன்தாண்ணா. நத்தம் தாண்டி மாந்தோப்புலதானே தங்குவீங்க? காலையில என்னா குளிரு, என்னா காத்து! சாமி காரியத்துக்குப் போற அடுப்புல நான் லாபம் பாப்பனா?"

மாந்தோப்பு என்றான் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன். அந்த வழியில் நடந்தவன் சொல்கிற வார்த்தை அது. கேட்காமலேயே 1,500 குறைத்து 14,500 என்றான். பணம் போகிற கணக்கில் கடைப் பெயருக்குப் பதில் ஒரு பெண் பெயர் வந்தது. "எங்க அம்மா பேருண்ணா, ஜிஎஸ்டி அவங்க பேர்லதான் இருக்கு" என்றான். பில் சரக்கோடு வரும் என்றான். குழு நோட்டில் "அடுப்பு 2, ரூ. 14,500" என்று எழுதிப் பொருளாளரிடம் கையெழுத்து வாங்கினேன். அந்தப் பக்கத்தைத்தான் இப்போது எல்லோரும் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பெட்டி வந்தது. கொரியர் பையன் இரண்டு செட்டையும் ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான். வார்ப்பிரும்பு அடுப்பு இரண்டை அப்படித் தூக்க முடியாது. பிரித்தால் கறுப்புப் பெயின்ட் அடித்த தகர ஸ்டாண்டு, நடுவில் முறுக்கு அச்சு அளவுக்கு ஒரே ஒரு பர்னர். மூன்று வளையம் எங்கே போனதோ. ஹோஸ் என்று தோட்டத்துக்குத் தண்ணீர் பிடிக்கிற பச்சைப் பிளாஸ்டிக் குழாய். ரெகுலேட்டர் இல்லை, பில் இல்லை. பக்கவாட்டில் ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் பளபளவென்று ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. உண்மையான முத்திரையில் மேலே ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண்ணும் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். இதில் இரண்டும் இல்லை, வெறும் முத்திரை.

சரி, எரிகிறதா பார்ப்போம் என்று எங்கள் சமையல் மாஸ்டர் சொன்னார். அவரிடம் இருந்த ரப்பர் ஹோஸையும் ரெகுலேட்டரையும் மாட்டி, கொல்லைப்புறத்தில் வைத்தோம். மனுஷன் எந்த அடுப்பானாலும் முதலில் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார். குமிழ் கிளம்பியது. இறுக்கினார், நின்றது. இருபது லிட்டர் தண்ணீர் வைத்தோம். தீ மஞ்சளாக ஆடியது, அண்டா அடியில் கரி பிடித்தது. காற்று சரியாகக் கலக்காவிட்டால் அப்படித்தான் எரியும், சூடு ஏறாது. காற்றுத் துளையைத் திருப்பிச் சரிசெய்யலாம் என்று பார்த்தால் அப்படி ஒரு பாகமே இதில் கிடையாது. அரை மணி தாண்டியும் தண்ணீர் ஆவி விட்டதே தவிர கொதிக்கவில்லை. இதற்குள் ஸ்டாண்டின் ஒரு கால் உள்பக்கமாக மடங்கி அண்டா சாய ஆரம்பித்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். திருகும் குமிழுக்கு அடியில், குழாய் சேருகிற இடத்தில், விரல் நுனி அளவுக்கு ஒரு தீ தனியாக எரிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் குமிழ் பாகாக இழுத்துக்கொண்டு வழிந்தது. "தள்ளுப்பா!" என்று என்னைப் பின்னால் தள்ளிவிட்டு மாஸ்டர் சிலிண்டரை மூடினார். அடுப்பில் கை வைக்கவில்லை, நேரே சிலிண்டருக்குத்தான் போனார். இதே அடுப்பை மண்டபத்தில், சுற்றிலும் ஆட்கள் படுத்திருக்கும்போது ஏற்றியிருந்தால்?

அந்த 1,00,000 பி.டி.யு. கதையையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு அத்தனை பி.டி.யு. என்றால் ஏறக்குறைய 29 கிலோவாட் சூடு. ஒரு கிலோ எல்.பி.ஜி. (சிலிண்டர் கேஸ்) எரிந்தால் கிடைப்பது 13 கிலோவாட்-மணியைவிடக் கொஞ்சம் குறைவு. அதாவது மணிக்கு 2.3 கிலோ கேஸ் குடித்தால்தான் அந்தச் சூடு வரும். அப்படி எரிந்தால் பாதிச் சூடு வீணாய்ப் போனாலும் எங்கள் தண்ணீர் ஏழெட்டு நிமிடத்தில் கொதித்திருக்க வேண்டும். அவன் என்னிடம் சொன்னது, "5 கிலோ சின்ன சிலிண்டரே போதும்ணா, ரெண்டு நாள் ஓடும்." 5 கிலோ அந்த வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஓடும். அதற்கும் முன்னால், சின்ன சிலிண்டரிலிருந்து அத்தனை வேகமாகக் கேஸை இழுத்தால் உள்ளே திரவம் ஆவியாகி ஆவியாகிச் சிலிண்டர் குளிர்ந்து, வெளியே வேர்த்து, அழுத்தம் இறங்கித் தீ படுத்துவிடும். கேட்டரிங் ஆட்கள் 19 கிலோ சிலிண்டரைத் தேடுவது சும்மா இல்லை.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். முதலில் "அண்ணா பேக்கிங்ல மாறிடுச்சு, மாத்தித் தர்றேன்" என்றான். அடுத்து "உங்க ரெகுலேட்டர்தான் பிராப்ளம்ணா" என்றான். அவன் அனுப்பாத ரெகுலேட்டருக்கு என் ரெகுலேட்டர் குற்றவாளி! பிறகு "பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா சார்?" கவனியுங்கள், அண்ணா போய் சார் வந்துவிட்டது. நாளைக்கு சர்வீஸ் டீம் பேசும் என்றான், எந்த டீமும் பேசவில்லை. திருப்பி அனுப்புங்க, பார்த்துட்டுப் பணம் போடுறோம் என்று ஒரு முகவரி கொடுத்தான். அந்த பின்கோடுக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை என்று கொரியர் ஆபீசில் சொன்னார்கள். ஆன்லைன் வியாபாரத்துக்கான 2020 விதிப்படி புகாரை 48 மணி நேரத்தில் பதிவு செய்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. 14,500 ரூபாய்க்குக் கிடைத்த ரசீது அதுதான்.

வங்கியில், "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கீங்க, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடித்தேன். சரக்கு வந்திருக்கிறதே, இது நுகர்வோர் பிரச்சினை என்று அங்கே சொன்னார்கள். நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். போடுவேன். ஆனால் நடை அதற்கெல்லாம் காத்திருக்காது. உண்டியலில் 14,500 ரூபாய் குறைகிறது, அடுப்பும் இல்லை. இதற்கு நடுவில் குரூப்பில் ஒருவர் "ஆராயாமல் வாங்கலாமா" என்று உபதேசம். அவர் போன வருடம் ஒரு கிலோ வெங்காயம்கூட வாங்கி வந்தவர் இல்லை.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். ஆணையத்துக்கு ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து அடுக்க வேண்டும், அதனால் சட்டென்று சொல்கிறேன். பி.டி.யு. எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், மணிக்கு எத்தனை கிலோ கேஸ் எடுக்கும் என்று கேளுங்கள். பதில் தெரியாதவனிடம் வாங்க வேண்டாம். பாத்திரக் கடைத் தெருவில் பட்டி அடுப்பு விற்கிற கடைக்கு நேரில் போய், கையில் தூக்கிப் பார்த்து, உங்கள் அண்டாவை ஏற்றி எரியவிட்டு வாங்குங்கள். சி.எம்/எல் எண் இருந்தால் அதை, ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கிற அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று காட்டிவிடும். கேஸுக்கென்று முத்திரை போட்ட ரப்பர் ஹோஸ் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள். பில் "பிறகு வரும்" என்றால் பணமும் பிறகுதான். பணம் வாங்கும் கணக்கு வேறு பெயரில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொன்று, இது அவசரம்: திரும்பி வரும்போது சிலிண்டரையும் அடுப்பையும் ரயிலில் ஏற்றலாமா என்று சில குழுக்களில் கேட்கிறார்கள். கூடவே கூடாது, சட்டப்படி குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ஸ்டேஷனில் நின்ற சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது உள்ளே திருட்டுத்தனமாக வைத்திருந்த சிலிண்டரால்தான்.

இந்த வருடம் மாஸ்டருக்குத் தெரிந்த வாடகைப் பாத்திரக் கடையில் பட்டி அடுப்பு எடுக்கிறோம். அந்த ரீல்ஸ் இன்னும் ஓடுகிறது. அதே குடோன், அதே அண்டா, அதே நீலத் தீ. விலையை மட்டும் 12,999 ஆக்கியிருக்கிறான். உங்கள் போனில் வந்தால் தள்ளிவிட்டுப் போகாதீர்கள், ரிப்போர்ட் அடியுங்கள். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் பணம் போன ரசீதோடு எனக்கு எழுதுங்கள், ஆணையத்தில் சேர்ந்தே போடுவோம்.