பழைய பிக்கப்பின் டிஃபரன்ஷியல் ஆயில்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

பழைய பிக்கப் வாங்கியதும் என்ஜின் ஆயிலை எல்லோரும் மாற்றிவிடுகிறார்கள். பின் ஆக்ஸிலின் நடுவே, என்ஜின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் கிடக்கும் கியர் ஆயிலை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. சுமை வண்டியில் அடி வாங்குவது அங்கே இருக்கும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும், அது சுழற்றும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும்தான். அங்கே ஆயிலைச் சுற்றவிட பம்ப் கிடையாது, வடிகட்ட ஃபில்டரும் கிடையாது. கிரவுன் வீல் சுழலும்போது வாரி இறைக்கும் ஆயில்தான் எல்லா பேரிங்குகளுக்கும் உயிர். தேய்ந்த இரும்புத்தூளும் அதே ஆயிலிலேயே சுற்றிவரும்.

என் வண்டி பின்சக்கர இயக்கம் கொண்டது. பெரும்பாலும் சுமையோடுதான் ஓடுகிறது. முந்தைய உரிமையாளரிடம் ஆயில் மாற்றிய பதிவு எதுவும் இல்லை. பதிவு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் வாங்கியவுடன் மாற்றினேன்.

வேலையைத் தொடங்கும்போது ஊற்றும் துளையின் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். நெடுநாள் அசையாத பிளக் துருவேறி இறுகியிருக்கும். கீழே வடித்த பிறகு மேலே திறக்கவில்லை என்றால், ஆயில் இல்லாத ஆக்ஸிலோடு வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடித்தால் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் டிரெயின் பிளக் இல்லாத ஆக்ஸில்களும் உண்டு. அவற்றில் பின்மூடியைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் உறிஞ்சி எடுக்க வேண்டும். நான் மூடியைக் கழற்றும் முறையையே விரும்புவேன். பற்களை நேரில் பார்த்துவிடலாம்.

வடிந்த ஆயில் நிறையச் சொல்லும். கந்தக நெடி வந்தால் பயப்பட வேண்டாம், அது அதிக அழுத்தத்தைத் தாங்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருளின் வாசனை. காந்த பிளக்கில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பதும் இயல்பு. விரலில் குத்தும் செதில்கள் இருந்தால்தான் பேரிங்கையோ பல்லையோ சந்தேகிக்க வேண்டும். என் வண்டியில் செதில் இல்லை. ஆனால் ஆயில் பாலூற்றிய காப்பி போல வந்தது, அதாவது உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது.

காரணம் பிரீதர். ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல் இருக்கும் இந்தச் சிறிய காற்றுத்துளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். என் வண்டியில் அது சேற்றால் அடைபட்டிருந்தது. ஓடும்போது சூடாகி விரியும் காற்றுக்கு வழி இல்லாததால் அது ஆயிலை, கசிவைத் தடுக்கும் வளையமான சீல் வழியே வெளியே தள்ளும். சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதே சீல் வழியே தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். ஒரு பக்கத்து ஆக்ஸில் சீல் கசிந்து பிரேக் ஷூவையும் நனைத்திருந்தது. சீலையும் ஷூவையும் மாற்றி, பிரீதரைப் புதிதாகப் போட்டு, குழாய் இணைத்து அதன் வாயைச் சேஸிஸின் மேல்பகுதிக்கு உயர்த்திவிட்டேன். எஞ்சிய ஈரம் போக, சிறிது ஓட்டிய பின் ஆயிலை மறுபடியும் மாற்றினேன். அதன் பிறகு ஒருமுறைகூட ஆயில் வெளுக்கவில்லை.

பிராண்டை விட கிரேடு முக்கியம். கையேடு சொல்லும் ஜிஎல்-5 தரத்தில் (அதிக அழுத்தம் தாங்கும் கியர் ஆயில் வகை) 80டபிள்யூ-90 என்ற கெட்டித்தன்மை கொண்டதை ஊற்றினேன். பிறகு கையேடு அனுமதித்த 75டபிள்யூ-90 சிந்தெடிக்குக்கு மாறினேன். குளிர்ந்த காலையில் வண்டி லேசாக நகர்வது தெரிகிறது. மற்றபடி பெரிய வித்தியாசம் சொல்ல மாட்டேன். டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகையாக இருந்தால், உராய்வைச் சீராக்க அதற்குரிய ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் ஆயிலிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கமான திருப்பங்களில் பின்பக்கம் அதிரும். ஜிஎல்-5 ஆயிலை ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஊற்றிவிடக் கூடாது, கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் பாதிக்கப்படலாம்.

வண்டி சமதரையில் நிற்க, ஆயில் மட்டம் ஊற்றும் துளையின் கீழ்விளிம்பைத் தொட வேண்டும். பிளக்குகளுக்குப் புது வாஷர் போட வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எழுந்து, காலை எடுத்தால் மாறும் ஊளைச் சத்தம் இருந்தால், புது ஆயிலை நம்பிக் காத்திருக்கக் கூடாது. தேய்ந்த பல்லை எந்த ஆயிலும் வளர்க்காது. கெட்டியான ஆயிலால் அந்தச் சத்தத்தை அடக்கி விற்கப்படும் வண்டிகளும் உண்டு, ஆகவே வாங்கும் முன் ஆயில் சூடாகும்வரை ஓட்டிக் கேளுங்கள்.

இப்போது சுமை ஓட்டத்தைக் கருதி, கையேட்டின் கடினப் பயன்பாட்டு அட்டவணைப்படி மாற்றுகிறேன். வெள்ளத்தில் ஆக்ஸில் முங்கினால் கிலோமீட்டர் பார்ப்பதில்லை, அந்த வாரமே பிளக்கைத் திறந்து நிறம் பார்த்துவிடுகிறேன்.