எறிந்த இடத்திலேயே நிற்கும் டிபக்கர்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

"மக்கா, சும்மா ஓட்டினா பட்டுன்னு முடியுது, டிபக்கரோட ஓட்டினா இழுத்துட்டே கெடக்கு. அந்த எக்ஸெப்ஷன் டிக்கையெல்லாம் போட்டு வைக்கணுமா, எடுத்துரணுமா?" தக்கலை நண்பன் கேட்டது இது. டிபக்கர் என்பது ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி; எக்ஸெப்ஷன் என்பது ஓட்டத்தில் பிழை வந்தால் எறியப்படும் சேதி. எந்த வகை எறியப்பட்டால் உடனே நிற்க வேண்டும் என்று விஷுவல் ஸ்டுடியோவில் குறித்து வைப்பதுதான் அந்த டிக். பதில் நீளும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸில் ஓர் எக்ஸெப்ஷன் எறியப்பட்டால், டிபக்கர் இணைந்திருக்கும்போது சேதி முதலில் அதற்குத்தான் போகும். ஃபர்ஸ்ட் சான்ஸ் என்பார்கள். அது விட்ட பிறகுதான் நம் கேட்ச்சை, அதாவது எக்ஸெப்ஷனைப் பிடித்துக் கையாளும் பகுதியைத் தேடும் வேலை. யாரும் பிடிக்காவிட்டால் செகண்ட் சான்ஸாக மறுபடி டிபக்கரிடமே வரும். ஒவ்வொரு சேதிக்கும் புரோகிராம் நின்று நின்று கிளம்ப வேண்டும். டிக் எடுத்தாலும் இந்தச் செலவு போகாது. அவுட்புட் ஜன்னலில் வரி வரியாக ஓடுவது அதுதான்.

ஆனாலும் விஷுவல் ஸ்டுடியோவில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த வசதிதான். குலசேகரத்து ரப்பர் வியாபாரி ஒருவருக்கு நாங்கள் பார்த்துக்கொடுக்கும் பில்லிங்கில் ஒட்டுபால் (உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) கணக்கு மட்டும் குறைவாக வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கண்ட்ரோல், ஆல்ட், ஈ அழுத்தி எக்ஸெப்ஷன் பட்டியலைத் திறந்து, எழுத்தின் வடிவம் எண்ணுக்குப் பொருந்தாவிட்டால் வரும் ஃபார்மட் எக்ஸெப்ஷனுக்கு டிக் போட்டு ஓட்டினேன். எடையை எண்ணாக மாற்றும் வரியிலேயே நின்றது. எடைக் கட்டத்தில் "12.5 கிலோ" என்று யாரோ அடித்திருக்கிறார்கள். எந்தச் சுற்று, எந்த வரிசை, எந்த மாறியில் என்ன என்று அத்தனையும் அப்படியே கண்முன்னே. கேட்ச்சுக்குள் பிரேக்பாயின்ட் (நிறுத்தக் குறி) வைத்திருந்தால் இது கிடைக்காது; அங்கே வருவதற்குள் ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கு) கலைந்து, எறிந்த ஃபங்ஷனின் லோக்கல் மாறிகள் போய்விடும். ஸ்டாக் ட்ரேஸ் என்ற எழுத்து மட்டும் மிஞ்சும். ஜிடிபி என்ற இன்னொரு டிபக்கரில் 'கேட்ச் த்ரோ' போடுவதும் இதே சுகத்துக்காகத்தான்.

இனி எரிச்சல். அதே பில்லிங்கில், முன்பு யாரோ எழுதிய பகுதி முழுக்க, காலிக் கட்டமா என்று பார்க்கவே ட்ரை போட்டு, பார்ஸ் செய்து (எண்ணாக மாற்றிப் பார்த்து), வெற்றுக் கேட்ச்சில் விழுங்கியிருக்கிறது. எக்ஸெப்ஷன் எறியாமலே மாற்றிப் பார்க்க ட்ரைபார்ஸ் என்று ஒன்று டாட்நெட்டில் எத்தனையோ காலமாக இருக்கிறது! ஷீட் வரவு எக்ஸெல்லை இறக்கினால் வரிசைக்கு வரிசை நிற்கும், தொடர எஃப்5, நிற்கும், எஃப்5. மாட்யூல் (டிஎல்எல் போன்ற கோப்பு) பெயர் சொல்லி விலக்கும் வசதி 2017 பதிப்பிலிருந்து உண்டு. வெளி லைப்ரரி சத்தத்துக்கு அது அருமை. இங்கே சத்தமும் பிழையும் ஒரே மாட்யூலில், ஒரே வகை எக்ஸெப்ஷனில் வருகின்றன, என்னத்தை விலக்க? போதாததற்கு இந்த டிக்குகள் சொல்யூஷனின் எஸ்யூஓ என்ற, அவரவர் அமைப்புகளை வைக்கும் கோப்பில்தான் இருக்கும். அதை யாரும் கோட் பகிரும் கிட்டில் (Git) ஏற்றுவதில்லை. அப்புறம் பக்கத்து மேசைக்காரர் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

நண்பனுக்கு என் பதில்: எடுத்துரு. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான், ஆனால் பொறுமை தீர்ந்துவிட்டது. வெற்றுக் கேட்ச்சுகளை ட்ரைபார்ஸாக மாற்றி முடிக்கும்வரை டிபக்கர் இல்லாமல் ஓட்டும் கண்ட்ரோல் எஃப்5-லேயே ஓட்டு. கணக்கு உதைத்தால் மட்டும் அந்த ஒரு வகைக்கு டிக் போடு, பிடித்ததும் எடு.