விஎச்எஃப் செட் தூரம் கேட்க: உயரமா, பெரிய ஆன்டெனாவா, நல்ல கேபிளா?

பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகும் விசைப்படகுக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "செட்டு புதுசுதான் அண்ணே, ஆனா பத்து மைலுக்கு அப்புறம் ஒண்ணும் கேக்கல. வேற கம்பெனி செட்டு வாங்கணுமா?"

வாங்க வேண்டாம். படகும் படகும், படகும் கரையும் பேசிக்கொள்ளப் படகில் பொருத்தும் ரேடியோவான மரைன் விஎச்எஃப் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் உச்ச சக்தி 25 வாட்தான். கேட்கும் திறனிலும் நல்ல செட்டுகளுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசமெல்லாம் செட்டின் முதுகிலிருந்து கம்பத்தின் உச்சி வரை இருக்கிறது. ஆழ்கடலில் கேட்கும் தூரத்தைக் கூட்ட என்னென்ன வழி உண்டு, எதற்குக் காசு போடலாம் என்று பார்ப்போம்.

முதலில் உயரம். எல்லாப் படகும் கேட்கும் பொது அழைப்புச் சேனலான 16 ஓடுவது 156.8 மெகாஹெர்ட்ஸில். இந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும்; பூமியின் வளைவு மறைத்தால் அதோடு சரி. கணக்கு எளிது: ஆன்டெனா நீர்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டரோ அதன் வர்க்கமூலத்தை 2.2 ஆல் பெருக்கினால் கடல் மைல் வரும். வீல்ஹவுஸ் (படகு ஓட்டும் அறை) கூரையில் 4 மீட்டர் என்றால் 4.4 மைல். எதிர்ப் படகுக்கும் அதே உயரம் என்றால் இருவருக்கும் நடுவே சுமார் 9 மைல். இரண்டு பேரும் 9 மீட்டருக்கு ஏற்றினால் 13 மைலைத் தாண்டும். கரையில் 49 மீட்டர் கோபுரத்தோடு பேசுகிறவருக்கு இந்த ஏற்றத்தால் கூடுவது இரண்டே மைல்தான், 20 என்பது 22 ஆகும். அதனால் கரையை விட்டுத் தள்ளி, படகும் படகுமாகப் பேசித் தொழில் செய்கிறவர்களுக்குத்தான் உயரம் அதிகம் உதவும்.

இதற்குப் போட்டியாகக் கடைக்காரர் காட்டுவது 6 டெசிபெல் ஆன்டெனா, இரண்டரை மீட்டர் நீள வெள்ளைக் கம்பு. 3 டெசிபெல் என்பது ஒரு மீட்டர் அளவுள்ள மெல்லிய ஸ்டீல் குச்சி. டெசிபெல் என்பது ஆன்டெனா அடிவானத்தை நோக்கி எவ்வளவு கூட்டித் தள்ளுகிறது என்பதன் அளவு. எண்ணைப் பார்த்தால் 6 தான் பெரியது. ஆனால் ஆன்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. இருப்பதைத் தட்டையாக அழுத்தி அடிவானத்தை நோக்கித் தள்ளுகிறது. 6 டெசிபெல்லின் கதிர் மேலும் கீழுமாக 35 பாகை அளவே விரியும். படகு 20, 25 பாகை சாயும்போது அந்தக் கதிர் ஒரு பக்கம் தண்ணீரிலும் மறுபக்கம் ஆகாயத்திலும் அடிக்கும். எதிராளி குரல் அலைக்கு அலை விட்டு விட்டுக் கேட்பது அதனால்தான். அகலமான, அதிகம் உருளாத பெரிய இரும்புப் படகு என்றால் 6 சரி. உருளும் மரப்படகுக்கு, கம்பத்தின் உச்சியில் 3 டெசிபெல் குச்சிதான் என் தேர்வு. எடை குறைவு, காற்றும் அவ்வளவாகப் பிடிக்காது. 9 டெசிபெல்லை நம் படகுகளுக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

உயரம் ஏற்றினால் கேபிள் நீளும். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். ஆன்டெனாவோடு சேர்த்துத் தரும் மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 20 மீட்டர் ஓட்டினால் 25 வாட்டில் மேலே போய்ச் சேர்வது பத்துதான். வருகிற குரலும் அதே அளவு தேயும். கனமான ஆர்ஜி-213 போட்டால் 16 வாட்டுக்கு மேல் சேரும். எல்எம்ஆர்-400 என்றால் 20 வாட் வரை. அப்படியானால் கடைசியதுதானே நல்லது? எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அதன் நடுக்கம்பி அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும். உப்புத் தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் பிறகு தாங்காது. வளைக்கவும் கடினம். ஆகவே ஆர்ஜி-213.

போன சீசனில் ஒரு படகில் ஆன்டெனா பிளக்கின் மேல் சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப்பைப் பிரித்தேன். பச்சைப் பொடி உதிர்ந்தது. வெளி உறையைக் கத்தியால் ஓர் அடி சீவினால், உள்ளிருந்த செம்பு வலை கறுத்துப் போய் ஈரமாக இருந்தது. அந்த ஓர் அடியை வெட்டி எறிந்துவிட்டுப் புது பிளக் சால்டர் வைத்து, இழுத்தால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றினேன். ஆன்டெனா மாறவில்லை, செட் மாறவில்லை. அதுவரை கரகரத்த சேனல் தெளிந்துவிட்டது. இங்கே முதல் செலவு பிளக்கும் டேப்பும்தான்.

இன்னொரு திருடன் எல்ஈடி விளக்கு. மலிவான விளக்குகளின் டிரைவர் சர்க்யூட் விஎச்எஃப் அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும். தூரத்துக் குரல் அதில் மூழ்கிப் போகும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2018இல் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. சோதிப்பது சுலபம்: விளக்கையெல்லாம் அணைத்து, ஆள் பேசாத சேனலுக்கு மாற்றி, இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் குமிழ்) திருப்புங்கள். இப்போது ஒவ்வொரு விளக்காகப் போடுங்கள். எந்த விளக்குக்கு இரைச்சல் திரும்ப வருகிறதோ அதுதான் ஆள்.

இத்தனையும் செய்தாலும் அடிவானத்தைத் தாண்ட விஎச்எஃப்பால் ஆகாது. காற்று அசையாத சில இரவுகளில் நூறு மைலுக்கு அப்பாலிருந்தும் குரல் வரும். அது காற்றடுக்குகளின் வேலை, அதை நம்பிப் போகக்கூடாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் பக்கத்துப் படகுகள் பல, கரையின் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தன.

அந்தத் தூரத்துக்கு, அடிவானத்தைத் தாண்டிப் பேசும் எஸ்எஸ்பி ரேடியோ செட் உண்டு. இரவில் வெகுதூரம் எட்டும். ஆனால் மரப்படகில் நல்ல எர்த் அமைப்பதே பெரும்பாடு. புயல் செய்திக்கு மட்டும் என்றால் 518 கிலோஹெர்ட்ஸில் எழுத்தாக வரும் நாவ்டெக்ஸ் போதும். ஆனால் ஆங்கிலம் படிக்க ஒருவர் வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் இலவசமாகத் தரும் செயற்கைக்கோள் டிரான்ஸ்பான்டரில் இருபக்கமும் குறுஞ்செய்தி போகும், பேச முடியாது. பேச வேண்டுமென்றால் அனுமதியோடு வாங்கும் சாட்டிலைட் போன். துரையா, இரிடியம் வகைகளை அனுமதியின்றி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம்.

ஆனால் போனில் அழைத்தால் கேட்பவர் ஒருவர். சேனல் 16இல் கூப்பிட்டால் சுற்றியுள்ள அத்தனை படகும் கேட்கும். மூழ்கும் படகுக்கு முதலில் வந்து சேர்வது பக்கத்துப் படகுதான். எனவே கூட்டமாகப் போகும் படகுகளில் சாட்டிலைட் போன் ஒன்றில்தான் இருக்கிறது என்றால், உயரமான கம்பமும் புதுக் கேபிளும் அந்தப் படகுக்கே முதலில் போடுங்கள். கரையிலிருந்து வரும் செய்தியை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதுதானே.