விண்வெளி நிலையத்தை மொட்டை மாடியிலிருந்து பார்க்க: ஸ்பாட் தி ஸ்டேஷனா, ஹெவன்ஸ்-அபவா?

சர்வதேச விண்வெளி நிலையம் நம் ஊருக்கு மேல் எப்போது தெரியும் என்று சொல்ல இரண்டு நல்ல இலவசச் சேவைகள் இருக்கின்றன. ஒன்று, 2023-இல் வந்த நாசாவின் ஸ்பாட் தி ஸ்டேஷன் செயலி. இன்னொன்று, கிறிஸ் பீட் நடத்தும் ஹெவன்ஸ்-அபவ் இணையதளம். ஒருமுறை பார்த்தால் போதும் என்பவர்களுக்கு முன்னது சரி. அடிக்கடி பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஹெவன்ஸ்-அபவ்தான்.

நாசா செயலியில் போனை வானத்தை நோக்கிப் பிடித்தால் நிலையம் போகும் பாதையைத் திரையிலேயே காட்டிவிடும். ஆனால் இரும்புக் கைப்பிடி, கம்பி வேலி பக்கத்தில் நின்றால் போனின் திசைகாட்டி பிசகும். சற்றுத் தள்ளி நின்று, காற்றில் எட்டு போடுவதுபோல் போனைச் சுழற்றினால் சரியாகும். சீனாவின் டியான்காங் நிலையத்துக்கு இதில் இடமில்லை.

ஹெவன்ஸ்-அபவ் பார்க்கப் பழைய காலத்துப் பக்கம் மாதிரி இருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். முதல் வேலை, இடத்தைப் பதிவது. பதியாவிட்டால் அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 என்று எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள நடுக்கடலுக்குக் கணக்குப் போடும். பட்டியல் வழக்கம்போலவே வருவதால் தவறு கண்ணில் படாது. "ஒன்றுமே தெரியவில்லை" என்ற புகார்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம். நேர மண்டலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த 10 நாட்களுக்கான பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் பிரகாசமும், தொடக்கம், உச்சம், முடிவு ஆகிய மூன்றுக்கும் நேரம், உயரம் (அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி மேலே என்பது), திசையும் இருக்கும். பிரகாச எண் குறையக் குறைய ஒளி கூடும்: −3.5 என்றால் நகர வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும். உச்ச உயரம் 40 டிகிரிக்கு மேல் உள்ள வரிகளைத் தேர்ந்தெடுங்கள். தலைக்கு மேலே வரும்போது நிலையம் சுமார் 420 கி.மீ. தொலைவில் இருக்கும், 10 டிகிரியில் அது ஏறக்குறைய 1,500 கி.மீ. கையை நீட்டி மடக்கிய முட்டி ஒன்றின் அகலம் சுமார் 10 டிகிரி.

பலர் கவனிக்காதது முடிவு உயரம். மாலையில் அது 10 டிகிரி என்றிருந்தால் நிலையம் அடிவானம் வரை இறங்கும். 35 டிகிரி என்றிருந்தால் அந்த இடத்தில் பூமியின் நிழலுக்குள் நுழைந்து, சில விநாடிகளில் மங்கி நடுவானிலேயே மறைந்துவிடும். மேகம் மறைத்ததாக நினைக்க வேண்டாம். விடியற்காலையில் இது தலைகீழ்: நடுவானில் திடீரென்று தோன்றும்.

வரியைத் தொட்டால் வான் வரைபடம் திறக்கும். அதில் கிழக்கு இடப்பக்கம் இருக்கும். தரையில் விரித்துப் பார்க்காமல் தலைக்கு மேலே பிடித்துப் பாருங்கள். நிலையம் எப்போதும் மேற்குப் பக்கமிருந்து கிழக்குப் பக்கம் போகும், விளக்கு சிமிட்டாது. சிமிட்டினால் விமானம்.

நிலையத்தின் சுற்றுப்பாதையை அவ்வப்போது எஞ்சினை இயக்கி உயர்த்துவார்கள். அதன்பின் பழைய கணிப்பு நிமிடக்கணக்கில் தவறும். போன வாரம் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், அன்று மாலையே பக்கத்தைப் புதிதாகத் திறந்து நேரம் பார்த்துவிட்டு மாடி ஏறுங்கள்.